கட்டுண்ட சுவரே காக்கும்

(உரைநடைப் பாடம்)

நுழையும்முன்

தமிழில் 'கட்டு' என்னும் சொல் இரு செயல்களைக் குறிக்கும். கயிற்றால் பிணைப்பதும் கட்டுதல். கல்லால் எழுப்புவதும் கட்டுதல். பூவைக் கட்டுகிறோம், வீட்டையும் கட்டுகிறோம். எழுப்பப்பட்ட எல்லாச் சுவர்களும் பிணைக்கப்பட்டவை அல்ல என்பது நிலம் நடுங்கும்போதுதான் வெளிப்படுகிறது. அதற்கு முன்பே அதனைக் கண்டறிய முடியுமா? முடியும் என்பதையே இப்பாடம் கூறுகிறது.

அஞ்சார் நகரின் வீதி

2001ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26ஆம் நாள். நாடெங்கும் பள்ளிகளில் மூவண்ணக் கொடி ஏறிக்கொண்டிருந்தது. குஜராத் மாநிலத்தின் கட்ச் மாவட்டத்தில் உள்ள அஞ்சார் என்னும் பழைய நகரில், மாணவர்கள் தம் ஆசிரியர்களுடன் குடியரசு நாள் ஊர்வலமாகச் சென்றனர். காலை மணி 8.46. ஊர்வலம் ஒரு குறுகிய வீதிக்குள் நுழைந்திருந்த வேளையில் நிலம் நடுங்கியது. வீதியின் இருபுறமும் இருந்த வீடுகள் இடிந்து அவர்கள்மீது விழுந்தன. அங்கே 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் உயிரிழந்தனர். அவர்கள் நினைவாக அந்நகரில் எழுப்பப்பட்ட 'வீர் பாலக் ஸ்மாரக்' என்னும் நினைவிடம் 2022ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது.

அந்த நிலநடுக்கத்தின் அளவு 7.7. குஜராத்தில் அன்று உயிரிழந்தோர் அரசுக் கணக்கின்படி 13,800 பேருக்கும் மேற்பட்டவர். அவர்களுள் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது நடுங்கிய நிலம் அன்று. இடிந்து விழுந்த சுவரும் கூரையுமே. ஆகவே, 'அடுத்த நிலநடுக்கம் எப்போது வரும்?' என்று கேட்பதைக் காட்டிலும், 'எந்தச் சுவர் விழும்?' என்று கேட்பதே பயனுடையது. முதல் வினாவிற்கு நாளும் நேரமும் குறித்து விடை கூற இன்றுவரை எவராலும் இயலவில்லை. இரண்டாம் வினாவிற்கு ஓரளவேனும் விடை காண நம்மால் இயலும்.

சுவர் ஏன் விழுகிறது?

நின்றுகொண்டிருக்கும் பேருந்து திடீரெனப் புறப்பட்டால், உள்ளே நிற்கும் நாம் பின்னோக்கிச் சாய்கிறோம். நம் பாதங்கள் பேருந்தோடு முன்னே செல்கின்றன. உடலோ இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. இப்பண்பினை நிலைமம் என்பர். நிலநடுக்கத்தின்போது வீட்டிற்கும் இதுவே நேர்கிறது. அடித்தளம் நிலத்தோடு சேர்ந்து அசைகிறது. கூரையும் சுவரின் மேற்பகுதியும் பின்தங்குகின்றன. கூரை எவ்வளவு கனமானதோ, அவ்வளவு மிகுதியாகச் சுவர்மீது விசை தாக்கும்.

ஒரு தடித்த புத்தகத்தை மேசைமீது நிமிர்த்தி வையுங்கள். அதன் அட்டைப் பக்கத்தில் ஒரு விரலால் தள்ளினால் உடனே சாய்ந்துவிடும். அதன் முதுகுப் பக்கத்திலிருந்து நீளவாக்கில் தள்ளினால் எளிதில் சாயாது, சற்று நகரும். சுவரும் அத்தகையதே. தன் நீளத்தின் திசையில் வரும் விசையை அது தாங்கும். தன் முகத்தில் வந்து மோதும் விசைக்கு எளிதில் விழும். நிலநடுக்கமோ எல்லாத் திசைகளிலும் ஆட்டுகிறது. எனவே ஒவ்வொரு சுவரும் ஏதேனும் ஒரு கணத்தில் தன் வலுவற்ற பக்கத்தில் தாக்கப்படும். அவ்வேளையில் அதனைப் பிடித்து நிறுத்தக்கூடியது அதனோடு மூலையில் இணைந்துள்ள பக்கத்துச் சுவரே ஆகும்.

தனிக் கரும்பு தரையில் நிற்காது. பொங்கலன்று வாசலில் சேர்த்துக் கட்டிய கரும்புகள் நிற்கின்றன அல்லவா? நான்கு சுவர்களும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரு பெட்டியைப் போல் அசையுமாயின் வீடு நிலைக்கும். தனித்தனியே அசையுமாயின் ஒவ்வொன்றாக விழும்.

கில்லாரி கற்பித்த பாடம்

கல்லையோ செங்கல்லையோ சாந்திட்டு அடுக்கிக் கட்டுவதைக் கொத்துவேலை என்கிறோம். நம் நாட்டு வீடுகளுள் மிகப் பல இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றுள் எது வலிமையானது என்று கேட்டால், 'தடித்த கற்சுவரே' என்று நம்மில் பலர் விடை கூறுவோம். மராட்டிய மாநிலத்தின் லாத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த கில்லாரிப் பகுதி மக்களும் அவ்வாறே நம்பியிருந்தனர்.

1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அதிகாலை 3.56 மணிக்கு, ஊரே உறங்கிக்கொண்டிருந்தபோது அங்கு நிலம் நடுங்கியது. அதன் அளவு 6.2. அளவில் ஓர் அலகு கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகும். அவ்வகையில் கட்ச் நிலநடுக்கத்தோடு ஒப்பிட்டால், கில்லாரியில் வெளிப்பட்ட ஆற்றல் நூறில் ஒரு பங்கிற்கும் குறைவு. இருந்தும் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர்.

காரணம் அவ்வூர்ச் சுவர்களுக்குள்ளே இருந்தது. இரண்டடிக்கும் மேற்பட்ட தடிமன் கொண்ட அச்சுவர்கள் உண்மையில் ஒற்றைச் சுவர்கள் அல்ல. வெளிப்புறம் ஓர் அடுக்கு, உட்புறம் ஓர் அடுக்கு எனக் கற்களை வைத்து, இடையே சிறு கற்களையும் மண்ணையும் நிரப்பியிருந்தனர். இரண்டு அடுக்குகளையும் பிணைக்கும் நீண்ட கற்கள் இல்லை. நிலம் அசைந்தபோது இரண்டும் பிரிந்து, வெளிப்புறமும் உட்புறமும் சரிந்தன. வெப்பத்தைத் தடுப்பதற்காகக் கூரைமீது ஓரடிக்கும் மேற்பட்ட தடிமனில் இட்டிருந்த மண், உறங்கியவர்களை மூடியது.

தடிமன் வேறு, பிணைப்பு வேறு என்பதே கில்லாரி கற்பித்த பாடம்.

வீட்டைப் படிக்கும் எட்டு வினாக்கள்

ஒரு நகரில் உள்ள எல்லா வீடுகளையும் கருவி கொண்டு அளந்து கணக்கிட வேண்டுமாயின் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே பொறியாளர்கள் முதலில் வீட்டைச் சுற்றி வந்து கண்ணால் பார்த்து, ஒரு படிவத்தில் மதிப்பெண் இடுகின்றனர். இதனை விரைவுக் காட்சி ஆய்வு என்பர். அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டு இதற்கான கையேடு வெளிவந்தது. நம் நாட்டின் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2020ஆம் ஆண்டில் இது குறித்து ஒரு நூலை வெளியிட்டது. குறைந்த மதிப்பெண் பெற்ற வீடுகளை மட்டும் அடுத்த நிலையில் விரிவாக அளந்து ஆராய்வர். அந்த முதற்பார்வையில் கேட்கப்படுவனவற்றுள் எட்டு வினாக்களை இங்கே காண்போம்.

1. வீடு எங்கே நிற்கிறது? இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட வரைபடம், நாட்டை இரண்டு முதல் ஐந்து வரை எண்ணிட்ட நான்கு நிலநடுக்க மண்டலங்களாகப் பிரித்தது. அதில் கட்ச், குவாஹாத்தி, ஸ்ரீநகர் ஆகியவை ஐந்தாம் மண்டலத்திலும், தில்லி நான்காம் மண்டலத்திலும், மும்பையும் சென்னையும் மூன்றாம் மண்டலத்திலும், பெங்களூரும் ஐதராபாத்தும் இரண்டாம் மண்டலத்திலும் அமைந்தன. எண் உயர உயர இடரும் உயரும். ஆயினும் குறைந்த எண்ணைக் கண்டு அயர்ந்துவிடக் கூடாது. அதற்கு முந்தைய வரைபடத்தில் கில்லாரி, எல்லாவற்றிலும் இடர் குறைந்த முதல் மண்டலத்தில்தான் இருந்தது.

2. சுவர் எதனால் ஆனது? ஒழுங்கற்ற கல்லும் மண்சாந்தும் மிக வலுவற்றவை. சிமெண்டுச் சாந்தில் கட்டிய செங்கற்சுவர் அதனினும் மேலானது. 1998ஆம் ஆண்டின் ஐரோப்பிய நிலநடுக்க அளவுகோல், கட்டடங்களை ஏ முதல் எஃப் வரை ஆறு வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஒழுங்கற்ற கற்சுவர் வீடும் பச்சைச் செங்கல் வீடும் மிக நலிந்த ஏ வகுப்பில் வைக்கப்படுகின்றன. கம்பி இடாத சுட்ட செங்கல் வீடு பொதுவாக பி வகுப்பிலும், கம்பியிட்டு வலுப்படுத்திய கொத்துவேலை டி வகுப்பிலும் அடங்கும்.

3. சுவரின் இரு முகங்களும் பிணைந்துள்ளனவா? கற்சுவரில் அதன் முழுத் தடிமனையும் ஊடுருவிச் செல்லும் நீண்ட கற்கள் இருத்தல் வேண்டும். அவற்றை நாம் ஊடுகற்கள் என்று அழைப்போம். உயரத்தில் 60 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசையும், நீளத்தில் 1.2 மீட்டருக்குள் ஒரு கல்லுமாக அவை அமைதல் நலம். கற்சுவரின் தடிமன் 45 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் பொறியாளர் கூறும் விதியாகும்.

4. மூலைகள் இணைந்துள்ளனவா? இரு சுவர்கள் கூடும் மூலையில் ஒரு வரிசைக் கல் இப்பக்கமும், அடுத்த வரிசைக் கல் அப்பக்கமுமாக மாறி மாறிப் புகுந்திருக்க வேண்டும். மூலையில் மேலிருந்து கீழாக நீண்ட விரிசல் தென்பட்டால், அங்கே சுவர்களின் பிணைப்பு விட்டுப்போகிறது என்று ஐயுற வேண்டும்.

5. வீட்டைச் சுற்றிப் பட்டை உண்டா? கதவு, சன்னல்களின் மேல்மட்டத்தில் கம்பியிட்ட கான்கிரீட் பட்டை ஒன்று எல்லாச் சுவர்களின் மீதும் இடைவிடாமல் சுற்றி ஓட வேண்டும். இதனை லிண்டல் பட்டை என்பர். கரும்புக் கட்டைச் சுற்றிய கயிற்றைப் போன்றது இது. ஒவ்வொரு சன்னலின் மேலும் தனித்தனியாக இட்ட லிண்டல் பட்டையாகாது. அது சன்னலுக்கு மேலுள்ள சுவரைத் தாங்குமே அன்றி, வீட்டைக் கட்டாது.

6. கூரை எத்தகையது? கனமான மண்கூரை இடரானது. ஓட்டுக்கூரையில் ஓடுகள் சரியக்கூடும். இருபுறமும் சரிந்த கூரையின் கீழே முக்கோண வடிவில் உயர்ந்து நிற்கும் சுவர், மேலே பிணைப்பின்றி நிற்குமாயின் எளிதில் விழும். சுவர்களோடு நன்கு இணைந்த கான்கிரீட் தளம், தானே ஒரு பட்டையாகவும் பயன்படும்.

7. திறப்புகள் எவ்வளவு? கதவும் சன்னலும் மிகுந்தால் சுவர் குறையும். இடர் மிகுந்த பகுதிகளில், ஒற்றைத் தள வீட்டுச் சுவரில் உள்ள திறப்புகளின் மொத்த அகலம் அச்சுவரின் நீளத்தில் பாதிக்கு மேற்படக் கூடாது. மூலையை ஒட்டிச் சன்னல் வைத்தல் தவறு. சுவர்கள் இணையும் இடமே மூலை அல்லவா?

8. இன்று அதன் நிலை என்ன? சுவர் எங்கேனும் புடைத்துள்ளதா? ஈரம் ஏறி உப்புப் பூத்துள்ளதா? மரத்தைக் கரையான் அரித்துள்ளதா? கைப்பிடிச்சுவர் ஆடுகிறதா? பிற்காலத்தில் எழுப்பிய மேல்தளம் கீழ்த்தளத்தோடு பொருந்துகிறதா? புதுப்பூச்சும் வண்ணமும் இவற்றை மறைக்குமே அன்றி மாற்றா.

இரு வீடுகள்

கற்பனையாக இரு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீடு கல்லும் மண்சாந்தும் கொண்டது. பட்டை இல்லை. மூலையை ஒட்டிச் சன்னல் இருக்கிறது. ஆனால் சுவரில் ஊடுகற்கள் உண்டு, கூரை இலேசானது. இரண்டாம் வீடு செங்கல்லும் சிமெண்டுச் சாந்தும் கொண்டது. கீழ்த்தளத்தில் லிண்டல் பட்டை உண்டு. பின்னாளில் எழுப்பிய மேல்தளத்தில் பட்டை இல்லை. அதன் உச்சியில் பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது.

முதல் வீட்டைத் தீயது என்றும் இரண்டாம் வீட்டை நல்லது என்றும் ஒரு சொல்லில் முடித்துவிடலாமா? கூடாது. முதல் வீட்டில் காக்கத்தக்க நற்கூறுகள் உண்டு; இரண்டாம் வீட்டில் திருத்தத்தக்க குறைகள் உண்டு. எங்கே குறை உள்ளது, எதனை முதலில் திருத்த வேண்டும் என்று கண்டறிவதே மதிப்பிடுதலின் நோக்கமாகும். அம்மதிப்பீடும் முடிந்த முடிபன்று. சுவருக்குள்ளே உள்ளதைக் கண் காணாது. ஆகவே இறுதித் தீர்ப்பைப் பொறியாளரே கூற வேண்டும்.

மண்ணும் நிற்கும்

கட்ச் மாவட்டத்தின் பன்னிப் பகுதியில் 'பூங்கா' எனப்படும் வட்ட வடிவ மண்வீடுகள் உள்ளன. (இது நாம் உலாவும் பூங்கா அன்று, கட்ச் மக்களின் வழக்கில் வீட்டின் பெயர்.) வட்டச் சுவர், அதன்மேல் கூம்பு வடிவில் இலேசான வைக்கோற்கூரை. 2001ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கல் வீடுகள் பல இடிந்த நிலையில், இவற்றுள் பல நிலைத்து நின்றன. வட்டச் சுவரில் பிரிவதற்கு மூலை இல்லை. நசுக்குவதற்குக் கனமான கூரையும் இல்லை. பொருள் எளியதாயினும் வடிவமும் பிணைப்பும் பொருந்தினால் வீடு காக்கும் என்பதற்கு இவை சான்றாகும்.

நலிந்த வீட்டை இடித்துத்தான் தீர வேண்டும் என்பதும் இல்லை. கூரைமீதுள்ள மிகை மண்ணை அகற்றலாம். கற்சுவரில் துளையிட்டுக் கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பிப் புதிய ஊடுகற்களை அமைக்கலாம். லிண்டல் மட்டத்தில் கம்பிவலை பதித்துச் சாந்து பூசி, வீட்டைச் சுற்றிப் பட்டை கட்டலாம். இவை யாவும், முன்பே எழுப்பிய சுவரைப் பின்னர்ப் பிணைக்கும் முயற்சிகளே.

மாணவர்களே, நம் குடும்பங்கள் பணியின் பொருட்டுப் பல மாநிலங்களில் வாழ்கின்றன. இன்று குடியிருக்கும் வீடு வேறு. தாத்தாவும் பாட்டியும் வாழும் வீடு வேறு. நாளை மாற்றலாகிச் செல்லும் ஊரின் வீடு வேறு. எந்த வீட்டிற்குள் நுழைந்தாலும் ஒரு முறை அதனைச் சுற்றி வந்து, அதன் சுவர்கள் கட்டப்பட்டவை மட்டுந்தானா, கட்டுண்டவையுமா என்று பாருங்கள். கண்டதைப் பெரியவர்களிடம் கூறுங்கள். அஞ்சார் வீதியில் நடந்த பிள்ளைகளுக்கு அந்தச் சுவர்களைப் பற்றிச் சொல்லியிருக்கக்கூடிய ஒருவர் முன்பே பார்த்திருந்தால், ஊர்வலம் வேறு வழியில் சென்றிருக்கலாம்.

சொல்லும் பொருளும்

கட்டுண்ட – பிணைக்கப்பட்ட
சாந்து – கற்களை ஒட்ட வைக்கும் கலவை
நிலைமம் – இருந்த நிலையிலேயே இருக்க முயலும் பண்பு
நலிந்த – வலிமை குன்றிய
கைப்பிடிச்சுவர் – மொட்டைமாடியின் விளிம்பில் உள்ள குட்டையான சுவர்
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்
முடிந்த முடிபு – மாறாத இறுதி முடிவு

மொழித்திறன்

1. பிரித்து எழுதுக: கட்டுண்ட, ஓட்டுக்கூரை, கற்சுவர், நூலொன்று.

2. செயப்பாட்டு வினையாக மாற்றுக.
எடுத்துக்காட்டு: கொத்தனார் சுவரைக் கட்டினார் – சுவர் கொத்தனாரால் கட்டப்பட்டது.
(அ) பொறியாளர் வீட்டை ஆராய்ந்தார்.
(ஆ) கரையான் மரத்தை அரித்தது.
(இ) மக்கள் கூரைமீதிருந்த மண்ணை அகற்றினர்.

3. 'கட்டு' என்னும் சொல்லைப் பின்வரும் பொருள்களில் அமைத்துத் தனித்தனித் தொடர் எழுதுக: பிணைத்தல், எழுப்புதல், பணம் செலுத்துதல், அணிதல்.

வினாக்கள்

1. கட்ச் நிலநடுக்கத்தைவிடக் குறைந்த ஆற்றலை வெளிப்படுத்தியும் கில்லாரி நிலநடுக்கம் பேரழிவை விளைவித்தது ஏன்?
2. தனித்தனி லிண்டலுக்கும் லிண்டல் பட்டைக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. 'தடிமன் வேறு, பிணைப்பு வேறு' என்னும் கூற்றை விளக்குக.
4. பாடத்தில் கூறப்பட்ட இரு வீடுகளில் எந்தெந்தக் குறையை முதலில் திருத்த வேண்டும் எனக் கருதுகிறீர்கள்? காரணம் தருக.

செயல்பாடு

1. அட்டைத் துண்டுகள் நான்கை நிமிர்த்தி, ஒட்டாமல் ஒரு சதுரமாக ஒரு தட்டில் நிறுத்துக. தட்டை மெல்ல அசைத்துப் பார்க்க. பிறகு மூலைகளை ஒட்டி, மேற்பகுதியைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையும் ஒட்டி மீண்டும் அசைக்க. கண்டதை ஐந்து வரிகளில் எழுதுக.

2. சொந்த ஊரில் உள்ள தாத்தா, பாட்டி அல்லது உறவினரிடம் தொலைபேசியில் பேசி, அவர்கள் வீட்டைக் குறித்து எட்டு வினாக்களுள் இயன்றவற்றைக் கேட்டு விடைகளை எழுதுக. சுவர், கூரை, சாந்து ஆகியவற்றிற்கு அவர்கள் வழங்கும் சொற்களையும் குறித்து வைக்க.

3. உங்கள் குடியிருப்பில் கைப்பிடிச்சுவர் அல்லது சுற்றுச்சுவர் ஆடும் நிலையில் இருப்பதாகக் கொண்டு, அதனைச் சீரமைக்க வேண்டிக் குடியிருப்புப் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் வரைக. (சுவரைத் தொட்டோ தட்டியோ பார்க்க வேண்டா, தொலைவில் நின்று கண்ணால் மட்டும் காண்க.)